குட்டியில்லாத தொட்டி

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்து ஆறு வருசமாச்சுங்கம்மா. மனசு மட்டும் தெளிய மாட்டேங்குது," என்றார் மருதாசலம்.

செங்கமலத்தம்மா வெண்டைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். குடிலுக்குக் குரு அவர்தான். வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்தேழு.

"எதையெதை விட்டீங்க?"

"பட்டறையை மூடினேன். வீட்டை மகனுக்குக் கொடுத்தேன். பட்டறைக்குப் பின்னாடி கிடந்த ரெண்டு ஏக்கரை இந்தக் குடிலுக்கே எழுதி வச்சேன்."

அந்தப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் தார்ப்பாய்க்கு நீர் ஒட்டாத பூச்சு போட்டார்கள். மழைத்துளி அதன்மேல் நிற்காது, உருண்டு ஓடிவிடும். சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். பூச்சுத் தொட்டியைக் கழுவிய தண்ணீரெல்லாம் பின்னால் இருந்த நிலத்தில்தான் பாய்ந்தது.

"அந்த நிலத்துல கீரை போடலாமுங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மத்தியானச் சோத்துக்கு ஆகும். அதைக் கண்ணால பார்த்தா எனக்கும் மனசு ஆறும்."

"கெமிக்கல் போயிடுச்சா?"

"ஆறு மழைக்காலம் ஆயிடுச்சுங்களே."

"மண்புழுவைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாத்திக்குப் போனார்.

மருதாசலம் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளைக் கழுவி வைத்தார். ஒன்றில் குடில் தோட்டத்து மண். இன்னொன்றில் தன் நிலத்து மண். இரண்டிலும் பத்துப் பத்துப் புழுக்களை விட்டார். தினமும் தண்ணீர் தெளித்தார். மக்கிய சாணம் போட்டார். தன் தொட்டிக்கு ஒரு கை கூடுதலாகவே போட்டார்.

அறுபதாம் நாள் இரண்டையும் கொட்டி எண்ணினார். எண்ணிய கையோடு வேகமாக வந்தார்.

"பத்துக்குப் பத்தும் உயிரோட இருக்குதுங்க. மண்ணு சரியாயிடுச்சு. நாளைக்கே விதைச்சிடலாம்."

"இன்னொரு தடவை பாருங்க."

"நல்லா எண்ணிட்டேனுங்க."

"பெருசுகளைத்தானே எண்ணினீங்க."

மருதாசலம் சல்லடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தோட்டத்து மண்ணில் கடுகைவிடச் சற்றே பெரிய மஞ்சள் முட்டைக்கூடுகள் கிடந்தன. நூல் துண்டு போல வெளுத்த குட்டிகள் நெளிந்தன. நாற்பது வரை எண்ணினார். பிறகு எண்ணவில்லை.

தன் மண்ணைச் சலித்தார். எதுவும் இல்லை. திரும்பச் சலித்தார். மூன்றாவது முறை சல்லடையை வைத்துவிட்டு விரலால் தடவித் தடவித் தேடினார்.

பத்துப் புழுக்கள்தான் இருந்தன. தோட்டத்து மண்ணில் இருந்தவற்றைவிட மெலிந்திருந்தன. தொட்டால் சுருண்டுகொள்ளக்கூட நேரம் எடுத்தது.

அவற்றைத் திரும்பத் தொட்டியில் போட்டதும் மைனா ஒன்று வந்து விளிம்பில் உட்கார்ந்தது. செங்கமலத்தம்மா கையை வீசி அதை விரட்டிவிட்டு, ஒரு சாக்கை எடுத்துவந்து தொட்டியை மூடினார்.

"தின்னுட்டுப் போகட்டுமேங்க. அதுக்காவது ஆகும்."

"புழுவுக்குள்ள இருக்கறது அதுக்குள்ள போகும்."

மருதாசலம் கையிலிருந்த மண்ணை உதிர்த்தார்.

"மழை கொஞ்சம் கொஞ்சமாக் கழுவிடாதுங்களா?"

"கழுவும்."

"அப்புறமென்ன?"

"உங்க நிலம் எந்தப் பக்கமாச் சாயுது?"

நிலம் கிழக்கே சாய்கிறது. சரிவின் அடியில் ஒரே ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் கிணறு. இத்தனை வருடமும் மருதாசலத்துக்குத் தெரிந்ததுதான்.

"அந்த வீட்டுக்காரங்க இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க."

"கேட்கறதுக்கு அவங்களுக்கு என்ன தெரியும்?"

மருதாசலம் கையைக் கழுவினார். குடிலுக்குள் போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"அவங்க மன்னிப்பாங்களாம்மா?"

"அதுக்காகவா போறீங்க?"

அவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

பேருந்து இறங்கி, பூட்டிய பட்டறையைத் தாண்டி, சரிவில் இறங்கினார். நல்ல வெயில். அந்த வீட்டு வாசலில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்த நாகரத்தினம் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அட, பட்டறைக்காரருங்களா? சாமியாராப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. வெயில்ல நடந்தே வந்திருக்கீங்களே, உட்காருங்க."

உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்க கிணத்துத் தண்ணிதானுங்க. எந்தக் கோடைக்கும் வத்தினதில்லை."

அவருக்கு நாக்கு வறண்டிருந்தது. சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். பிறகு கீழே வைத்தார்.

"குடிங்க, நிறைய இருக்குது."

"இதை இனி யாரும் குடிக்காதீங்கம்மா."

"ஏனுங்க?"

அவர் சரிவின் மேலே தெரிந்த பட்டறையைக் கை காட்டினார்.

"பூச்சுத் தொட்டி கழுவின தண்ணிய..." என்று நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார்.