சரக்கறையில் இறந்த பெருச்சாளி

அலையாத்திக் காட்டு விலங்குகளுக்குச் சொந்தமாக ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை அது கொப்பரைத் தேங்காயை ஏற்றிக்கொண்டு பவளத் தீவுக்குப் போகும். திரும்பும்போது உப்பு கொண்டு வரும். கூழைக்கடா ஒன்று அதற்குத் தண்டல். கப்பலை நடத்துகிற தலைவரைத்தான் தண்டல் என்பார்கள். பாய் கட்டுவது கடுவன் என்ற குரங்கின் வேலை. சரக்கைக் கவனிப்பது தொந்தியப்பன் என்ற பெருச்சாளி. கப்பலுக்கு விளக்கு, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் குடியிருந்த மின்மினிகள்.

கப்பலுக்குள் கசியும் தண்ணீரை இறைத்துக் கொட்டும் வேலை மூக்காயி என்ற கீரியுடையது. யாரும் விரும்பாத வேலை அது. ஒரு காலத்தில் மூக்காயி காட்டிலேயே பெயர் பெற்ற துப்பறிவாளர். காணாமல் போன பழத்திலிருந்து காணாமல் போன குட்டி வரை எல்லாவற்றையும் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடும். அந்தப் பெருமை தலைக்கு ஏறியதுதான் கெடுதலாகப் போயிற்று. ஒரு நாள் மயிலின் முட்டைகள் காணாமல் போயின. மூக்காயி கூட்டின் பக்கம்கூடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே "பாம்புதான்" என்று சொல்லிவிட்டது.

கீரி சொன்ன பிறகு பாம்புக்காக யார் பேசுவார்கள்? நெட்டையன் என்ற சாரைப்பாம்பை அதன் புற்றிலிருந்து அடித்துத் துரத்தினார்கள். ஒரு மாதம் கழித்து, முட்டை தின்ற உடும்பு கையும் களவுமாகப் பிடிபட்டது. அதற்குள் நெட்டையனின் புற்றில் வேறு ஒரு குடும்பம் குடியேறியிருந்தது. காடு மூக்காயியின் துப்பறிவாளர் பட்டத்தைப் பறித்தது. அதோடு யாரும் அதனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காட்டில் இடமில்லாமல் போன கீரியும் பாம்பும் கடைசியில் ஒரே கப்பலில் வேலைக்கு வந்து சேர்ந்தன. நல்ல கூத்துதான் போங்கள்.

கப்பலில் ஏறும் எவரும் பாய்மரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். கரை சேரும்வரை ஒருவரை ஒருவர் தின்னக் கூடாது. மீறினால் கடலில் தள்ளிவிடுவார்கள். நெட்டையனும் சத்தியம் செய்திருந்தது. கயிறு அறுந்தால் வேறு கயிறு வரும்வரை தன் உடம்பையே கயிறாகச் சுற்றிப் பாயைப் பிடித்து நிற்பது அதன் வேலை. நல்ல உழைப்பாளி. ஆனாலும் கடுவன் மட்டும் அதன் பக்கத்தில் வாலைத் தொங்கவிட்டு உட்காராது.

அந்த வருடம் காற்று மாறுவதற்குள் புறப்பட வேண்டும் என்று தண்டலுக்கு அவசரம். கொப்பரை சரியாகக் காய்வதற்கு முன்பே அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் சரக்கறையை எட்டிப் பார்த்த தண்டல் திடுக்கிட்டது. விளிம்புவரை இருந்த கொப்பரை ஒரு சாண் இறங்கியிருந்தது. யாரோ திருடித் தின்கிறார்கள் என்று அதற்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் சரக்கறைக் கதவைத் திறந்து காற்றுக் காட்டுவது தொந்தியப்பனின் வழக்கம். தண்டல் அதை நிறுத்தியது. கதவின் மேல் பாயைப் போட்டு, ஓரமெல்லாம் களிமண் பூசி அடைத்துவிட்டது.

நான்காம் நாள் காற்று நின்றது. வெள்ளை வெளேரென்று மூடுபனி இறங்கியது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கப்பல் மிதக்கிறதா பறக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பேசிய பேச்சு பஞ்சில் விழுந்ததுபோல் அமுங்கியது. பகலிலும் எல்லோருக்கும் அரைத்தூக்கம். கடுவன் ஒரு முறை பாயை இறக்கப் போய், கயிற்றைக் கையில் பிடித்தபடி, தான் எதற்காக வந்தோம் என்பதை மறந்து நெடுநேரம் நின்றது. கப்பலுக்கு மேலே மீன்கள் நீந்திப் போவதாக மின்மினிகள் சொல்லின. இருக்கலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

எட்டாம் நாள் காலையில் தண்டல் களிமண்ணை உடைத்தது. கதவை ஒருக்களித்துத் திறந்து, சரக்கை அளந்து வரும்படி தொந்தியப்பனை உள்ளே அனுப்பியது. பிறகு பனியைப் பார்க்க முன்பக்கம் போய்விட்டது. சற்று நேரத்தில் கடுவன் போட்ட கூச்சல் பனியைத் தாண்டிக் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். சரக்கறை ஏணியின் பாதியில் நெட்டையன் மயங்கித் தொங்கியது. அதன் உடம்பு தொந்தியப்பனின் இடுப்பைச் சுற்றியிருந்தது. இரண்டையும் கொக்கிக் கழியால் மேலே இழுத்துப் போட்டார்கள். தொந்தியப்பனுக்கு உயிர் இல்லை.

சாவு நடந்த இடத்தை உடனே மூடுவது கப்பல் வழக்கம். சரக்கறைக் கதவு மறுபடி அடைபட்டது. மயக்கம் தெளிந்த நெட்டையனைப் பாய்மரத்தில் கயிற்றால் கட்டினார்கள். தொந்தியப்பனை எல்லோருக்கும் பிடிக்கும். பசி என்று போய் நின்றால் தன் பங்கை உடைத்துக் கொடுக்கும். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து, பாம்பை அப்போதே கடலில் தள்ள வேண்டும் என்று கடுவன் குதித்தது. விசாரிக்காமல் தள்ளினால் காட்டில் கேள்வி வரும் என்று தண்டல் தயங்கியது. அப்போதுதான் அதற்குக் கீரியின் ஞாபகம் வந்தது.

"மூக்காயி, நீ ஒரு தடவை மோந்து பார்த்துட்டு, பாம்புதான்னு சொல்லு, போதும். ஊருக்குத் திரும்பினதும் உன் பட்டத்தை நானே வாங்கித் தர்றேன்."

மூக்காயியின் மனம் துள்ளியது. பட்டம் திரும்பிவிட்டால் காட்டில் மறுபடி தலை நிமிர்ந்து நடக்கலாம். குளக்கரையில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள். அதற்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை நம்புவதிலும் அதற்குச் சிரமம் இல்லை. பெருச்சாளி என்றால் சாரைக்குச் சாப்பாடு அல்லவா? சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மயில் முட்டை விஷயத்திலும் இப்படித்தான் எந்தச் சிரமமும் இல்லாமல் சொன்னோம் என்று நினைத்ததும் மூக்காயிக்கு வெட்கமாக இருந்தது. முதலில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொந்தியப்பனின் அருகே போயிற்று.

உடம்பில் பல் பட்ட தடம் இல்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. இடுப்பைச் சுற்றி மட்டும் பாம்பு சுற்றிய தடம். அந்த இடத்தில் ரோமம் நசுங்கிப் படிந்திருக்கவில்லை. தலைப்பக்கமாக எதிர்ப்புறம் புரண்டு நின்றது. இறுக்கிக் கொன்றிருந்தால் ரோமம் ஏன் மேல்நோக்கிப் புரள வேண்டும்? நகங்களைப் பார்த்தது. கொப்பரை எண்ணெய்ப் பிசுக்குத் தவிர வேறு எதுவும் இல்லை. உயிருக்குப் போராடிய பெருச்சாளி பாம்பை ஒரு கீறல்கூடக் கீறாமல் விடுமா?

மூக்காயி பாய்மரத்தடிக்குப் போயிற்று. என்ன நடந்தது என்று கேட்டது.

"சொன்னா நீ நம்பவா போறே?" என்றது நெட்டையன்.

"சொல்லிப் பாரு. இந்தத் தடவை கேக்குறேன்."

"உள்ள பொத்துன்னு விழுற சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. இறங்கினேன். அசையாமக் கிடந்தான். இடுப்பைச் சுத்திப் பிடிச்சு மேல இழுத்தேன். கனமான உடம்பு. பாதி ஏணிக்கு மேல எனக்கே தலை சுத்திருச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியலை."

மூக்காயி அந்தப் பனிக்குள் அசையாமல் நின்று யோசித்தது. இறங்கிய ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவருக்கும் மயக்கம். காட்டு ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு உண்டு. அதில் தூர் எடுக்க வரும் மனிதர்கள் முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். உள்ளே காற்று கெட்டுப்போயிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். அதை நினைத்ததும் மூக்காயிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தொந்தியப்பனைக் கொன்றது பாம்பு அல்ல, சரக்கறைக் காற்று என்று அது தண்டலிடம் சொன்னது. தண்டலுக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டம் வேண்டாமா என்று கேட்டது. கீரி பாம்புக்குப் பரிந்து பேசுவதை இன்றுதான் பார்க்கிறேன் என்று கடுவன் கேலி செய்தது. காற்று எங்காவது ஆளைக் கொல்லுமா, நானே இறங்கிக் காட்டுகிறேன் என்று தண்டல் கதவை நோக்கி நடந்தது. மூக்காயி குறுக்கே போய் நின்றுகொண்டது.

"ஐயா, நீங்க இறங்க வேண்டாம். இன்னொரு சாவு வேண்டாம். மின்மினிகளை இறக்கிப் பாருங்க. உடனே மேலே தூக்கிடலாம்."

மின்மினிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. சிரட்டையிலிருந்த மூத்த மின்மினி, தொந்தியப்பனுக்காகப் போகிறோம், ஆனால் வெளிச்சம் போனதும் ஒரு கணம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. சிரட்டையைக் கயிற்றில் கட்டினார்கள். கடுவன் கயிற்றைப் பிடித்தது. கதவைத் திறந்தார்கள்.

சரக்கறைக்குள் கரிய இருட்டு. அதற்குள் சிரட்டை மெல்ல இறங்கியது. பத்துப் பன்னிரண்டு பச்சை வெளிச்சங்கள் கொப்பரை மேட்டின் மேல் ஆடின. ஏணிப்படிகள் தெரிந்தன. தொந்தியப்பன் விழுந்து கிடந்த பள்ளம் தெரிந்தது. அங்கிருந்து ஏணிவரை அதை இழுத்து வந்த தடமும் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்சம் மங்கி அணைந்தது. பக்கத்தில் இன்னொன்று அணைந்தது. தூக்கம் வந்து கண்களை மூடிக்கொள்வதைப்போல், ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்து போயின.

"தூக்கு" என்றது மூக்காயி.

கடுவன் விறுவிறுவென்று இழுத்தது. சிரட்டை மேலே வந்தது. மின்மினிகள் கறிவேப்பிலைப் பொடியைப்போல் அடியில் கிடந்தன. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல காற்று பட்டதும் மூத்த மின்மினி மீசையை ஆட்டியது. அதன் வெளிச்சம் வந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. கடுவன் சிரட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதது.

அரைகுறையாகக் காய்ந்த கொப்பரையை மூடி வைத்தால் அது உள்ளே இருக்கும் காற்றைக் கெடுத்துவிடும் என்று மூக்காயி விளக்கியது. பிறகு மேலே கதவோரம் கிடந்த ஒரு கொப்பரைத் துண்டை எடுத்துக் காட்டியது. ஏற்றியபோது உள்ளங்கை அகலம் இருந்த துண்டு இப்போது சுருங்கிப்போயிருந்தது. கொப்பரையை யாரும் திருடவில்லை. கப்பல் ஆட்டத்தில் குலுங்கிப் படிந்தும், காயக் காயச் சுருங்கியும், தானாகவே ஒரு சாண் இறங்கியிருந்தது.

தண்டலின் பெரிய அலகு மார்பின் மேல் கவிழ்ந்திருந்தது.

"இல்லாத திருடனுக்காக நான்தான் கதவை அடைச்சேன்" என்றது. "நான்தான் அவனை உள்ளே அனுப்பினேன்."

தண்டல் சரக்கறைக் கதவை முழுவதுமாகத் திறந்து வைக்கச் சொன்னது. காட்டுக்குத் திரும்பியதும் நடந்ததையெல்லாம் தானே சொல்வதாகவும், மூக்காயிக்குப் பட்டம் நிச்சயம் என்றும் சொன்னது. அதைக் கேட்க மூக்காயி அங்கே நிற்கவில்லை. பாய்மரத்தடிக்குப் போய், கட்டியிருந்த கயிற்றைக் கடிக்கத் தொடங்கியிருந்தது.

கீரியின் பல் நெருங்கியதும் நெட்டையனின் உடம்பு முழுவதும் நடுங்கியது. மூக்காயி அதைப் பார்த்துச் சற்று நிறுத்திவிட்டு, இன்னும் மெதுவாகக் கடித்தது. கடைசி இழையும் அறுந்தது.

"மயில் முட்டைக்கு என்னை மன்னிச்சிடு, நெட்டையா."

"மன்னிச்சா என் புத்து திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்காது. அதுல குஞ்சு குட்டியோட வேற குடும்பம் இருக்கு."

"அப்ப நான் மன்னிக்கலை" என்றது நெட்டையன். கயிற்றை உதறிவிட்டு நகர்ந்தது. நாலு முழம் போனதும் நின்றது. பனியில் அதன் தலை மட்டும் தெரிந்தது. "ஆனா இன்னைக்கு நீ போய்ப் பார்த்தே. அதனால நான் உயிரோட இருக்கேன். அதையும் மறக்க மாட்டேன்."

முடிவை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குக் கண்ணெதிரே இருக்கும் உண்மையும் தெரியாது. ஆகையால் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் முன் நாமே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.