ஊசித்தீவில் நட்ட சிவப்புக் கட்டை

இந்தப் புதிருக்கு மூன்று தரம் விடை சொல்லி, மூன்று தரமும் மாற்றிக்கொண்டவன் நான். ஆகவே என்னை நம்பி இருக்காதீர்கள். காதைக் கொஞ்சம் கூர்மையாக்கிக்கொண்டு நீங்களே கேளுங்கள்.

நாடே ஒரு தீவு. அதன் வடகடலில் கிடக்கிற சின்னஞ்சிறு தீவு ஊசித்தீவு. கரைக்குப் போவதென்றால் வள்ளம்தான்; காற்று எழும்பினால் அதுவும் இல்லை. நாடு முழுவதும் தெருவும் துறைமுகமும் பாலமும் கட்டப் பெருந்திட்டம் ஒன்று போட்டபோது, அதன் கடைசிப் பக்கத்தில், யார் செய்த புண்ணியமோ, ஊசித்தீவுக்கும் ஒரு பாலம் எழுதியிருந்தது.

அந்தப் பாலத்துக்காக ஏங்கிக் கிடந்தவர் அக்னேசம்மா. அவருடைய ஒரே மகள் பிள்ளைப்பேற்று வலியோடு கரைக்குப் போகும் வழியில், நடுக்கடலில், வள்ளத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். வள்ளம் ஓட்டியவர் பக்கத்து வளவுக்காரர் வஸ்தியாம்பிள்ளை. அன்றைக்குப் பிறகு அந்த வள்ளத்தை அவர் தண்ணீரில் இறக்கவேயில்லை. கரைவலை இழுத்துத்தான் பிழைப்பு.

அவர் வலை இழுக்கும் கரைத்துண்டைப் பாடு என்பார்கள். அது தகப்பன் வழி வந்தது, வேறு பங்காளி கிடையாது. அக்னேசம்மாவின் வளவிலோ ஒரு நல்லதண்ணிக் கிணறு. தீவில் மற்றக் கிணறெல்லாம் உவர். ஊர் கூடி வெட்டிய கிணறு அது, ஊரே வந்து அள்ளுகிறது.

இன்னொன்றும் தெரிய வேண்டும். உங்கள் கரைப் பாட்டில் யாராவது கேளாமல் வலைக்கட்டை அடித்திருந்தால் ஊசித்தீவில் சண்டைக்குப் போகமாட்டார்கள். பிடுங்கி எறியவும் மாட்டார்கள். பிடுங்கி எல்லையில் நட்டுவிடுவார்கள். கட்டைக்காரன் தேடி வந்து, "கேளாமல் அடிச்சிட்டன், பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போவான். அதோடு விஷயம் முடிந்தது.

பாலத்துக்கு இடம் பார்க்கப் பொறியியலாளர் குகநேசன் வந்திறங்கிய நாள் பார்த்து அந்தோனியார் பெருநாள். ஊரே பக்கத்துத் தீவுக் கோயிலில். கேட்க ஆளில்லை, அவருக்கும் அவசரம். பாலம் வந்து ஏறவேண்டிய இடத்தில் ஒரு கட்டையை அடித்துவிட்டுப் போய்விட்டார். அது வஸ்தியாம்பிள்ளையின் பாடு.

பெருநாள் முடிந்து வந்த வஸ்தியாம்பிள்ளை கட்டையைப் பார்த்தார். யாரோ வேற்றூர் வலைக்காரன் வேலை என்று நினைத்து, வழக்கப்படி பிடுங்கி, எல்லையில் அக்னேசம்மாவின் வேலியோரம் நட்டார். அட மனிசா, அதில் சிவப்பு மை பூசியிருந்ததையாவது பார்த்திருக்கக் கூடாதா! அடுத்த கிழமை அளவைக்காரர் வந்து, கட்டை நின்ற இடத்திலிருந்து அளந்துகொண்டு போனார்கள். படம் கீறியாயிற்று, தலைநகரில் கையெழுத்தும் விழுந்தாயிற்று.

படத்தைக் கோயில் சுவரில் ஒட்டிய அன்று ஊருக்கே தலை சுற்றியது. பாலத்திலிருந்து இறங்கும் தெரு கிணற்றுக்கு மேலாலே போகிறது! வஸ்தியாம்பிள்ளை படத்தைப் பார்த்தார், வேலியோரக் கட்டையைப் பார்த்தார், வீட்டுக்குப் போனார். குகநேசனுக்கும் விளங்கிவிட்டது. இது தான் அடித்த இடமில்லை, ஊரில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அரசாங்கக் கட்டையைப் பிடுங்கியவனுக்கு மறியல், சிறைவாசம். யாரைப் பிடித்துக் கொடுப்பது?

அக்னேசம்மா மட்டும் குழம்பவில்லை. "கிணறு போனால் போகட்டும் ஐயா" என்றார் குகநேசனிடம். "தண்ணியைப் பாலத்தால கொண்டு வரலாம். போன பிள்ளையை எதால கொண்டு வாறது?"

அந்தக் கிழமை தலைநகருக்கு மூன்று கடிதங்கள் போயின. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

அக்னேசம்மா எழுதினார்: கட்டை நிற்பது சரியான இடம்தான், கிணற்றோடு என் வளவை முழுமனதோடு தருகிறேன். குகநேசன் எழுதினார்: கட்டையைப் பிழையான இடத்தில் அடித்தவன் நானே, என்மீது நடவடிக்கை எடுத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள். வஸ்தியாம்பிள்ளை எழுதினார்: சரியான இடத்தில் நின்ற கட்டையைப் பிடுங்கி நட்டவன் நான், மறியலுக்கு வருகிறேன், என் கரைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கிணற்றைத் தொடாதீர்கள்.

மூன்றும் ஒரே தபால் பையில் போய் ஒரே மேசையில் விழுந்தன. அங்கிருந்த அதிகாரி வாசித்தார், திருப்பி வாசித்தார், தலையைப் பிடித்துக்கொண்டார். இடம் சரி என்கிறார் ஒருவர். பிழை, அது என் பிழை என்கிறார் இன்னொருவர். இல்லையில்லை, என் பிழை என்கிறார் மூன்றாமவர். பாவம், அவர்தான் என்ன செய்வார்? "முரண்பாடு தீரும்வரை வேலை நிறுத்தப்படுகிறது" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்.

மூவருமே பாலம் வரவேண்டும் என்றுதான் எழுதினார்கள். மூவருமே தங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டுதான் எழுதினார்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி?

விடை: வஸ்தியாம்பிள்ளை. அக்னேசம்மா கொடுக்க முன்வந்த கிணறு அவருடையது மட்டுமல்ல, ஊருடையது. குகநேசன் நல்ல மனதோடு எழுதினாலும் எழுதியது பொய். கேளாமல் கட்டை அடித்த உண்மையான பிழையை அவர் எழுதவேயில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாடு மிஞ்சும் என்று தெரிந்தும், உள்ளதைச் சொல்லித் தன்னுடையதை மட்டும் கொடுத்தவர் வஸ்தியாம்பிள்ளை ஒருவர்தான். இந்த விடையை ஒருநாள் அக்னேசம்மாவிடமே போய்ச் சொன்னேன். கட்டை இன்னும் வேலியோரம்தான் நின்றது. பொறுத்துக்கொள் என்று கேட்டு எடுத்துப்போக யாரும் வரவில்லை. அவர் கிணற்றில் அள்ளிய தண்ணீரை எனக்குக் குடிக்கத் தந்துவிட்டுச் சொன்னார்: "விடை சரிதான் தம்பி. பாலம் எங்க?"