மூணு வேளையும் கூப்பிட்ட விருந்தாளி

காக்கா வெள்ளையா இருந்த காலமோ, கடல் தண்ணி தித்திச்ச காலமோ, எனக்குச் சரியாத் தெரியாது. அவ்வளவு முந்தி. சந்தனபுரின்னு ஒரு ராஜ்ஜியம். அங்கே ராஜாவோட தேருக்குச் சக்கரம் செய்யுற தச்சன் சடையன். அவன் பொண்டாட்டி செங்கமலம். ஏழு வருஷம் கோயில் கோயிலா ஏறி இறங்கிப் பெத்த ஒரே பொண்ணு, நாலு வயசுப் பூவாயி.

வாசல்ல வந்து நின்ன யாரையும் பசியோட திருப்பி அனுப்பினதில்லைன்னு செங்கமலத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஊருக்கே சோறு போடுறவளுக்குத் தான் பெத்ததுக்கு ஒரு வாய் ஊட்ட முடியலை. பூவாயி வாயைத் திறந்தாத்தானே! காக்காவைக் காட்டினா காக்காவைப் பார்ப்பா, அணிலைக் காட்டினா அணிலைப் பார்ப்பா, சோத்தை மட்டும் பார்க்க மாட்டா. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, செங்கமலம் வாசல் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போடுவா:

"பூச்சாண்டி, வாடா வா! சாப்பிடாத பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டுப் போ!"

காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு தடவை. எந்தத் தாய்தான் சொல்லலை? நீங்க சொன்னதில்லையா? சரி சரி, கதையைக் கேளுங்க.

ஒருநாள் பார்த்தா, பூவாயி கிண்ணம் காலி. மறுநாளும் காலி. மூணாவது நாள் "இன்னும் கொஞ்சம் போடும்மா"ன்னு கேட்டா. செங்கமலத்துக்குத் தலைகால் புரியலை. கதவிடுக்கு வழியா எட்டிப் பார்த்தா, பொண்ணு ஒரு உருண்டையைத் தன் வாயில போட்டுக்கிட்டு, இன்னொரு உருண்டையை நெல்லுக் குதிர் பக்கமா நீட்டுறா. நீட்டின உருண்டை அப்படியே காத்துல கரைஞ்சு போச்சு!

"யாருக்குடி கொடுக்கறே?"

"என் சிநேகிதனுக்கு. பூச்சாண்டிக்கு."

"அவன்... எப்படி இருப்பான்?"

"கண்ணு ரெண்டும் சட்டி மாதிரி இருக்கும். காலே கிடையாது. நீளமா வால் இருக்கு. பல்லு வாய்க்கு வெளியே வரும். ரொம்ப நல்லவம்மா!"

செங்கமலம் ஓடிப்போய்ப் புருஷன்கிட்ட சொன்னா. சடையன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

"அட, சின்னப் பிள்ளைங்க அப்படித்தான் எதையாவது சொல்லும். நீயும் சேர்ந்துக்கிட்டு!" குதிர் ஓரமா சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, எந்திரி," பூவாயி சொன்னா. "நீ அவன் வால் மேல உட்கார்ந்திருக்கே. வலிக்குதாம்."

சடையன் எகிறின எகிறுல உச்சந்தலை உத்தரத்துல இடிச்சுது. அதுக்கப்புறம் அவன் சிரிக்கவே இல்லை.

ரெண்டு பேரும் தெரிஞ்ச வைத்தியமெல்லாம் பார்த்தாங்க. முதல்ல உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டாங்க. "அம்மா, பாவம், நெடி தாங்காம தும்முறான்"னா பூவாயி. அடுத்து வாசல் நிறைய வேப்பிலை கட்டினாங்க. "வாசம் நல்லா இருக்காம், இன்னும் ரெண்டு கொத்து கட்டச் சொல்றான்"னா. கடைசியில பொண்ணு கழுத்துல தாயத்து கட்டினாங்க. திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள அந்தத் தாயத்து குதிர் பக்கத்துல அந்தரத்துல தொங்குது!

"அவனுக்கும் ஆசையா இருந்துச்சாம்மா, அதான் போட்டு விட்டேன்."

இனிமே தாங்குமா பெத்த மனசு? எங்கே பிள்ளையைக் கொண்டுபோயிடுமோன்னு ரெண்டு பேரும் நடுங்கிப் போனாங்க. சடையன் மறுநாள் காலையிலேயே நீலிமலைக்கு ஓடி, மந்திரவாதி உக்கிரகண்டனைக் கையோட கூட்டிட்டு வந்தான்.

உக்கிரகண்டன் குதிர் பக்கம் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், முகம் வெளுத்துப் போனான். "பிள்ளை கையால இவன் சோறு வாங்கித் தின்னானா? எத்தனை நாளா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான். அப்புறம் மளமளன்னு உடுக்கையை அடிச்சான். புதுப்பானையைத் திறந்தான். "வா உள்ளே, வா உள்ளே, வா உள்ளே"ன்னு மூணு தடவை கத்தினான். புகை மாதிரி ஏதோ ஒண்ணு குதிர் பின்னாலேருந்து இழுபட்டு வந்து பானைக்குள்ள போச்சு. மஞ்சத்துணியால வாயை இறுக்கிக் கட்டினான்.

"சாமி, கூலி?"ன்னு சடையன் கேட்டான்.

"கூலி வேண்டாம். பானை போதும்."

"எவ்வளவு நல்ல மனுஷர் பார்த்தியா!"ன்னான் சடையன். செங்கமலத்துக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஆனா தொல்லை விட்டுச்சுன்னு பேசாம இருந்துட்டா.

தொல்லை விட்டுச்சா? அன்னைக்கு மத்தியானம் பூவாயி சாப்பிடலை. "அவன் பசியோட இருக்கான்"னா. மறுநாளும் சாப்பிடலை. மூணாவது நாள் அழக்கூடத் தெம்பில்லாமப் பாயில துவண்டு கிடந்தா. செங்கமலம் கொஞ்சிப் பார்த்தா, கெஞ்சிப் பார்த்தா, ஒரு பருக்கை இறங்கலை. பழக்கதோஷம், வாய் தானா அந்தப் பழைய பாட்டைப் பாடிருச்சு:

"பூச்சாண்டி, வாடா வா..."

பூவாயி சட்டுனு கண்ணைத் திறந்தா. "கூப்பிடும்மா! இன்னும் சத்தமாக் கூப்பிடு! முதல்லயும் நீ கூப்பிட்டுத்தானே வந்தான்!"

"நானா கூப்பிட்டேன்?"

"தினமும் மூணு வேளையும் கூப்பிட்டே. ரொம்ப தூரத்துலேருந்து வந்தான். வாசல்லயே நின்னான். நீ உள்ளே வான்னு சொல்லலை, உட்காருன்னு சொல்லலை. அவன் அழுதாம்மா. அதான் என் சோத்துல பாதி கொடுத்தேன்."

செங்கமலத்துக்குப் பளார்னு கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஊருக்கெல்லாம் சோறு போட்டவ, கூப்பிட்ட விருந்தாளியை வாசல்ல நிக்க வெச்சு, மிளகாய்ப் புகை போட்டு, பானையில அடைச்சும் அனுப்பிட்டாளே! "ஐயோ, நான் என்ன பாவி!"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா.

அழுது என்ன ஆகப் போகுது? அடுப்பைப் பத்த வெச்சா. சுடச்சுட சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ரெண்டு அப்பளம். தூக்குவாளியில எடுத்துக்கிட்டு, வாழையிலை ரெண்டு நறுக்கிக்கிட்டு, "என்னங்க, பிள்ளையைத் தூக்குங்க"ன்னா. சடையன் ஏன்னு கேட்கலை. பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தான்.

நீலிமலைக் குகையில நூறு பானை. நூறும் ஒரே மாதிரி, நூறுக்கும் மஞ்சத்துணி.

"போங்கடா ஊருக்கு!"ன்னு சிரிச்சான் உக்கிரகண்டன். "உங்க பூச்சாண்டி எதுல இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

செங்கமலம் பழைய மாதிரியே கூப்பிட்டா: "பூச்சாண்டி, வாடா வா!" ஒரு பானையும் அசையலை. ரெண்டாவது தடவை கெஞ்சினா: "பூச்சாண்டி, வெளியே வந்துடுப்பா!" அசையலை. உக்கிரகண்டன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான்.

செங்கமலம் வாயை மூடிக்கிட்டா. தரையைக் கூட்டினா. இலையைப் போட்டுத் தண்ணி தெளிச்சா. சோத்தைப் பரிமாறிக் குழம்பு ஊத்தினா. பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, சொந்த மகனைக் கூப்பிடுற மாதிரி மெதுவாக் கூப்பிட்டா:

"வாப்பா. கை கழுவிட்டு வந்து உட்காரு. சோறு ஆறிடப் போகுது."

"சொல்லாதே!"ன்னு அலறினான் மந்திரவாதி. சொல்லியாச்சே! மூலையில ஒரு பானை படீர்னு உடைஞ்சுது. மஞ்சத்துணி பறந்து போய் உக்கிரகண்டன் வாயை இறுக்கிக் கட்டிக்கிச்சு. அவன் இழுத்தும் பார்த்தான், அறுத்தும் பார்த்தான். ம்ஹூம். மந்திரம் சொல்ல வாயில்லாத மந்திரவாதிக்கு அங்கே என்ன வேலை? மலை இறங்கி ஓடினவன் ஓடினவன்தான். மத்தப் பானைத் துணியெல்லாம் தானா அவிழ்ந்து, உள்ளே அடைபட்டதெல்லாம் புகையாப் பறந்து போச்சு.

இலை முன்னாடி புகையா வந்து உட்கார்ந்தான் பூச்சாண்டி. முதல் கவளம் தின்னான், வால் போய்க் கால் வந்துச்சு. ரெண்டாவது கவளம் தின்னான், சட்டிக் கண்ணு மனுஷக் கண்ணாச்சு. மூணாவது கவளம் தின்னான், பல்லெல்லாம் உள்ளே போய், தொந்தியும் மீசையுமா ஒரு ஆள் கண்ணீர் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

"தாயே, நான் அரண்மனைச் சமையல்காரன் முத்தரசு. இளவரசருக்குப் பாயசத்துல மயக்கமருந்து கலக்கச் சொன்னான் அந்தப் பாவி உக்கிரகண்டன். சோறு போடுற கையால அதைச் செய்ய மாட்டேன்னேன். 'உன் பேரைச் சொன்னாலே பிள்ளைங்க நடுங்கட்டும், ஒரு தாய் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுற வரைக்கும் இப்படியே அலை'ன்னு சபிச்சிட்டான். பன்னிரண்டு வருஷமா எத்தனையோ தாய்மார் கூப்பிட்டாங்க. போன வாசல்லெல்லாம் நின்னேன். சாப்பிடுன்னு ஒருத்தரும் சொல்லலை."

செங்கமலம் அவன் இலையில இன்னொரு கரண்டி சோறு வெச்சா.

பூவாயியோ அப்பன் காலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. "அம்மா, யாரு இந்த மீசை மாமா? எனக்குப் பயமா இருக்கு!"

"நான்தான் குட்டி. குதிர் பின்னால உட்கார்ந்திருந்தேனே."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். மெதுவா வந்தா. மேலும் கீழும் பார்த்தா. இப்படி ஆயிட்டானேன்னு அவளுக்கு ரொம்பப் பாவமாப் போச்சு. அவன் தொந்தியைத் தடவிக் கொடுத்தா.

"பரவாயில்லை. அழாதே. இப்படியும் நல்லாத்தான் இருக்கே."

சொல்லிட்டு ரெண்டாவது இலை முன்னாடி உட்கார்ந்து வாயை 'ஆ'ன்னு திறந்தா. மூணு நாளைக்கப்புறம் முதல் உருண்டை தொண்டையில இறங்குறதைப் பார்த்து, செங்கமலமும் சடையனும் வாய்விட்டு அழுதாங்க.

முத்தரசு அரண்மனைக்குத் திரும்பினான். ராஜா விஷயம் கேட்டு, செங்கமலத்துக்குப் பல்லக்கு அனுப்பி, பூவாயிக்குப் பட்டுப்பாவாடை கொடுத்து, நாடு முழுக்க முரசு அறையச் சொன்னார்: சோறு ஊட்டுறப்ப யாரும் பூச்சாண்டியைக் கூப்பிடக் கூடாது! தாய்மாருங்க கேட்டாங்களா? ஒரு வாரம் கேட்டாங்க. இன்னைக்கும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்களும் கூப்பிட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும். கூப்பிட்டது கூப்பிட்டாச்சு. ஒரு இலை சேர்த்துப் போட்டு வைங்க.