பெனால்டி கட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது

நெத்திலித்துறையில் ஆண்கள் இரண்டே வகை. கால்பந்து ஆடுகிறவர்கள், அதைப் பற்றிப் பேசுகிறவர்கள். ஆடுகிறவர்களுக்குக் கொஞ்சம் அறிவு உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது.

சிலுவைதாசன் இரண்டாவது வகை. ரசிகர் மன்றச் செயலாளர். கோப்பை ஊருக்கு வரும்வரை தாடி எடுப்பதில்லை என்று நாலு வருஷத்துக்கு முன்னால் வாயை விட்டான். இப்போது கஞ்சியை அவனுக்கு முன்னால் தாடிதான் குடிக்கிறது. வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை அவனுக்கும் ஜெனோவாவுக்கும் கோயிலில் கல்யாணம். "தாடியோட வந்தா பொண்ணு கிடையாது" என்று அவள் அப்பா தொம்மை கறாராகச் சொல்லிவிட்டார். சிலுவைதாசனுக்கு ஜெனோவா என்றால் உயிர். தாடியைச் சும்மா எடுத்துத் தொலையேன் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

இறுதி ஆட்டம் கீழமுனைக்காரர்களோடு. கடல்பக்க கோல் முன்னால், பெனால்டி கட்டத்துக்குள், கீழமுனை ஆள் ஒருவன் நம்ம ரெமிஜியூஸை முழங்காலுக்குக் கீழே உதைத்தான். நடுவர் மஞ்சள் அட்டை காட்டி பெனால்டி கொடுத்தார். நம்மவன் அதைக் கடலுக்கு அடித்தான். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அடுத்த ஞாயிறு மறு ஆட்டம், அதுவும் சமன் என்றால் கோப்பை ஆளுக்கு ஆறு மாதம் என்று முடிவானது.

அன்றைக்கே மன்றம் கூடியது. போலீசுக்குப் போவதா, வேண்டாமா?

"ரோட்டுல உதைச்சா கேஸு. மைதானத்துல உதைச்சா மட்டும் விளையாட்டா?" என்றான் சிலுவைதாசன்.

"அப்படிப் பார்த்தா போன வருஷம் நம்ம ரெமிஜியூஸு மூணு பேரை உதைச்சான்வே" என்றார் துணைத்தலைவர் கஸ்பார்.

"அது ஆர்வத்துல உதைச்சது."

"அதுல ஒருத்தனுக்குக் கால் ஒடிஞ்சிச்சு."

"ஆர்வம் கூடிப்போச்சு."

எல்லாரும் தலையாட்டினார்கள். கஸ்பாருக்கு மட்டும் இன்னொரு சந்தேகம். "நடுவரு அட்டை காட்டியாச்சு. போலீசும் அட்டை காட்டுவாங்களா?"

"போலீசுக்கு அட்டை கிடையாது. லத்திதான்" என்றார் தலைவர் பவுலினூஸ். அது எல்லாருக்கும் பிடித்திருந்தது. புகார் கொடுப்பதென்று முடிவாயிற்று.

சிலுவைதாசன் ஸ்டேஷனுக்குப் போனான். எஸ்.ஐ. வேறு வேலையாக இருந்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கேன். அதுவரைக்கும் சம்பவம் நடந்த இடத்துல ஒரு ஆள் கால் வைக்கக் கூடாது. நீதான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவ்வளவு பெரிய பொறுப்பை அதற்கு முன் யாரும் சிலுவைதாசனிடம் கொடுத்ததில்லை. நாலு கம்பு நட்டு, வலைக்கயிற்றால் பெனால்டி கட்டத்தைச் சுற்றிக் கட்டினான். ஆறு நாள் காவல் இருந்தான். ஒரு ஆடு உள்ளே போனது. அது ஆள் இல்லை என்பதால் விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியபோதும் கயிறு அப்படியே இருந்தது. போலீஸ் உத்தரவு என்றதும் நடுவர் கயிற்றை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

முதல் பாதியில் கடல்பக்க கோல் நம்முடையது. நம்ம கோல்கீப்பர் கயிற்றுக்கு வெளியே நின்றார். கீழமுனைக்காரர்களும் கயிற்றைத் தாண்ட முடியவில்லை. உள்ளே உருண்ட பந்தை சிலுவைதாசன் வீச்சுவலை போட்டு வெளியே இழுத்தான். கோல் விழவில்லை. "பார்த்தீரா, சட்டம் நம்ம பக்கம்" என்று மன்றத்தார் கைதட்டினார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. இப்போது நாம் கோல் போட வேண்டியது கயிற்றுக்குள். சிலுவைதாசன் தன் ஊர்க்காரர்களையே மறித்தான். ஊரே அவனை வைதது.

கடைசி நிமிஷம். ரெமிஜியூஸ் வெளியிலிருந்து அடித்த பந்து காலிக் கட்டத்துக்குள் உருண்டு உருண்டு போய், கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"செயலாளரே, உள்ள போய் ஒரு தட்டு தட்டும். கல்யாணம் நடக்கும்" என்று ரெமிஜியூஸ் கெஞ்சினான்.

சிலுவைதாசனுக்கு ஜெனோவாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் காலைத் தூக்கவில்லை. "நான்தான் பொறுப்பு" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போது ஜீப் வந்தது. எஸ்.ஐ. இறங்கினார், கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். "எங்க நடந்திச்சு?" என்று கேட்டபடி, வழியில் கிடந்த பந்தைக் காலால் ஒதுக்கினார். பந்து கோலுக்குள் போனது.

ஊர் எழுந்து ஆடியது. நடுவர் விசில் ஊதினார். "அவரு எந்த டீம்?"

மன்றத்தார் கலந்து பேசினார்கள். "அரசாங்கம்" என்றார் பவுலினூஸ்.

அரசாங்கம் போட்டியில் பேர் கொடுக்கவில்லை என்பதால் கோல் செல்லாது என்றாயிற்று. ஆட்டம் மறுபடி சமன். எஸ்.ஐ. ரெமிஜியூஸின் காலைப் பார்த்தார். காயம் ஆறியிருந்தது. சிலுவைதாசனை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டார். கோப்பை ஆளுக்கு ஆறு மாதம், முதலில் நெத்திலித்துறைக்கு.

சிலுவைதாசன் நேரே சலூனுக்குப் போனான். பாதிக் கோப்பைக்குப் பாதித் தாடி என்று சொல்லி, வலது பக்கத்தை மட்டும் மழித்துக்கொண்டான்.

புதன்கிழமை கோயில் வாசலில் தொம்மை மாப்பிள்ளையை வலது பக்கம் பார்த்துச் சிரித்தார், இடது பக்கம் பார்த்து முகத்தைச் சுளித்தார். மன்றம் அங்கேயே கூடியது. பேசி முடித்ததும் தொம்மையே தீர்ப்பைச் சொன்னார்.

"நியாயம்னா நியாயம்தான். மாப்பிள்ளை இன்னைக்குச் சம்மதம்னு சொல்லட்டும். பொண்ணு ஆறு மாசம் கழிச்சுச் சொல்லுவா."