தாசில்தாரின் பேனா

தாசில்தார் அருமைநாயகத்தின் பேனா அன்று எழுத மறுத்தது. ஆபீஸ் வாசலில் பேனா ரிப்பேர் கடை போட்டிருந்த செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

“இனி ஒருநாளும் இதில் மை அடைத்துக்கொள்ளக் கூடாது. அடைத்துக்கொண்டால் உன் கடை அங்கே இருக்காது!”

அவள் நிப்பைக் கழற்றி வெந்நீரில் போட்டாள். மை கட்டி கட்டியாகக் கரைந்தது. நிப்பின் பிளவில் பிளேடை ஓட்டி, புது மை நிரப்பினாள்.

“தினமும் நூறு கையெழுத்து போடுங்க ஐயா, அடைக்கவே அடைக்காது. இது ஆறு மாசமா எழுதாம உறைஞ்ச மை.”

“யார் சொன்னது? தினமும்தான் எழுதறேன்!”

வராந்தாவில் ஆறு மாதமாக மனுவோடு நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“அப்ப இப்பவும் எழுதிப் பாருங்க ஐயா” என்று ஒரு மனுவை வாங்கி நீட்டினாள் செண்பகவல்லி.

நூறாவது மனு வரை மை தடங்கலின்றி ஓடியது. தாசில்தாருக்குத்தான் விரல் மரத்துப்போனது.