எந்தக் கூரையில் எறிவது?

ஆறு வயதுப் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுகிற வேலையில் ரத்தம் சிந்துமா? பூங்கோதை வீட்டில் சிந்தியது. கவனமாகக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அவள் கணவன் தண்டபாணிக்குத் தினமும் காலையில் குழாயடிதான் போர்க்களம். மகள் நறுமுகையின் தாடையை இடுக்கிப் பிடித்து பிரஷ்ஷைத் திணிப்பான். "ஒழுங்கா தேய்க்கலைன்னா பல்லெல்லாம் கொட்டிடும். ஒண்ணு கொட்டினாலும் தோலை உரிச்சிடுவேன்" என்பான். மகளின் கீழ்ப்பல் ஒன்று ஆடுவதைப் பூங்கோதை நான்கு நாளாகப் பார்த்தாள். பால்பல் விழும், புதுசு முளைக்கும் என்று பிள்ளையிடம் சொல்ல நினைத்தாள். அடுப்படி வேலையில் அது தள்ளிப்போனது.

அன்று காலை, முதல் பஸ்ஸில் அவள் தம்பி பரிதி பலாப்பழத்தோடு வந்து இறங்கினான். குழாயடியில் நறுமுகை வாயை இறுக மூடி நின்றாள். வலது கையையும் பொத்தியிருந்தாள்.

"பிரஷ்ஷைப் பிடிடி" என்றான் தண்டபாணி. அவள் பிடிக்கவில்லை. "வாயைத் திற." திறக்கவில்லை.

"விடுங்க மாமா. பலாச்சுளையைக் காட்டுனா தானா திறப்பா" என்றான் பரிதி.

"உங்க வீட்டுச் செல்லம்தான் மாப்பிள்ளை இவளைக் கெடுத்தது."

சொன்ன கையோடு அறை விழுந்தது. பிள்ளை சுருண்டு தரையில் விழுந்தாள். வாய் திறந்தது. உள்ளே ரத்தம்; கீழ்வரிசையில் ஓர் ஓட்டை.

"பல்லை உடைச்சிட்டியேடா பாவி!" பரிதி குழாயடியில் கிடந்த பித்தளைச் செம்பை எடுத்தான். முதல் அடியில் தண்டபாணியின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் முன்பல் தெறித்துத் துவைக்கிற கல்லில் விழுந்தது. மூன்றாவதைப் பூங்கோதை குறுக்கே பாய்ந்து தோளில் வாங்கினாள்.

அப்போதுதான் நறுமுகை கையை விரித்தாள். உள்ளே பால்பல்.

"எந்திரிச்சப்பவே தானா விழுந்துடுச்சும்மா. நேத்து நான் நல்லாத்தான் தேய்ச்சேன்."

தண்டபாணி ரத்தத்தைத் துப்பினான். "பாத்தியா? அவ பல்லை நான் உடைக்கலை. அவளுக்கு முளைச்சிடும், எனக்கு முளைக்குமாடா? கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு."

"அக்கா, பொண்ணைத் தூக்கு. கிளம்பலாம்" என்றான் பரிதி.

பூங்கோதை மகளின் வாயைக் கழுவினாள். "இது பால்பல் கண்ணு, விழத்தான் செய்யும். கூரை மேல எறிஞ்சா புதுசு முளைக்கும்."

"நம்ம கூரையிலயா, மாமா வீட்டுக் கூரையிலயாம்மா?"

சொல்லுங்கள். பல்லை உடைக்காத தண்டபாணியின் பக்கம் நியாயமா, விசாரிக்காமல் அடித்த பரிதியின் பக்கமா? பூங்கோதை அந்தப் பல்லை எந்தக் கூரையில் எறிய வேண்டும்?

விடை: அறை விழுவதற்கு முன்பே பிள்ளையின் கை பொத்தியிருந்தது. ஆகவே பல்லை விழவைத்தது தண்டபாணி இல்லை. பரிதி அடித்தது தவறு. ஆனால் தானாக விழுந்த பல்லைக் குற்றம்போல ஒளித்துவைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பூங்கோதை தம்பியின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள். "எம் பொண்ணு முன்னாடி இனிமே நீயும் கை ஓங்கக் கூடாது" என்றாள். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று சாயங்காலம் பரிதி வீட்டு ஓட்டின் மேல் அந்தப் பல் கடகடவென்று உருண்டு, திரும்பிவராமல் நின்றது.