மஞ்சத்தண்ணியும் கடமுடா மெஷினும்

ஒரு ஊர்ல ஒரு மதினி இருந்தா. ராணியெல்லாம் தேடாதே, இது மதினி கதைதான். பேரு பஞ்சவர்ணம். காலைத் தூக்கி எம்மேல போடாமக் கேக்கணும். நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நானும் தூங்கிருவேன், அப்புறம் மதினி பாவம், பாதியிலேயே நிப்பா.

ம். நல்ல பிள்ளை.

அந்தப் பஞ்சவர்ணத்துக்கு ஒரு கொழுந்தன். புருசனோட தம்பி. தவமணின்னு பேரு. இவ கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தப்போ அவன் மூக்கு ஒழுகிக்கிட்டு, டவுசரைக் கையால பிடிச்சுக்கிட்டு நின்ன பய. இவதான் தலை வாரி விட்டு, சோறு ஊட்டி, பரீட்சைக்கு விடிய எழுப்பி விட்டு ஆளாக்குனா. அப்புறம் அவன் நர்ஸுக்குப் படிச்சான். ஏன் சிரிக்கிறே? ஊசி போடுற ஆளுக்கு மீசை இருந்தா ஊசி இறங்க மாட்டேங்குமா? படிச்சு முடிச்சான், டவுன் ஆஸ்பத்திரியில வேலையும் கிடைச்சுது. "வர்ற திங்கக்கிழமை காலையில வந்து சேரு. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டு. ஒரு கறை இருந்தாலும் உள்ள விட மாட்டோம்"னு கறாராச் சொல்லிட்டாங்க. அந்த வீட்டுல ஒரே ஒரு சோடிதான் தைக்க முடிஞ்சுது.

அப்போ அந்த வீட்டுல ஒரு வாஷிங் மெஷினும் இருந்துச்சு. பஞ்சவர்ணத்தோட அப்பா சீரா வாங்கிக் குடுத்தது. மேல மூடி திறக்கிற மெஷினு. உள்ள எட்டிப் பாத்தா நடுவுல ஒரு தூணு, தூணுக்குச் சுத்தி இறக்கை. ஓட விட்டா கொடக் கொடக், கடமுடா கடமுடான்னு தெருமுனை வரைக்கும் கேக்கும். மாமியா ஒச்சம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இது துணி துவைக்குதா, நெல்லுக் குத்துதா? யானை மாதிரில்ல தண்ணி குடிக்குது!"ன்னு தினம் ஒரு பாட்டு. கடைசியில அதை மாட்டுக் கொட்டாய்க்குத் தள்ளியாச்சு. கொஞ்ச நாளு தவிடு கொட்டி வச்சாங்க. அப்புறம் ஒரு கோழி உள்ள குதிச்சு, முட்டை போட்டு, அடையும் உக்காந்திருச்சு. அப்பா குடுத்த சீரு இப்படி ஆச்சேன்னு பஞ்சவர்ணத்துக்கு நெஞ்சு வலிக்கும். ஆனா வாயைத் திறக்க மாட்டா.

கேக்குறியா?

ம்.

அப்போ ஊருல திருவிழா. கடைசி நாளு, அதான் தவமணி வேலைக்குச் சேருறதுக்கு முந்தின நாளு, மஞ்சத்தண்ணி. மாமன் மச்சான், மதினி கொழுந்தன்னு முறை இருக்கிறவங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடுற நாளு. கோவிச்சுக்கவே கூடாது. பஞ்சவர்ணம் ஒரு குடம் நிறைய மஞ்சளைக் கரைச்சு வச்சுக்கிட்டு, குட்டிச்சுவத்துக்குப் பின்னாடி பதுங்கி நின்னா. தவமணிப் பய வருசா வருசம் தப்பிச்சு ஓடுவான். இந்த வருசம் விடக்கூடாதுன்னு சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறா. அந்தா, சுவத்துக்கு மேல அவன் தலை மட்டும் வருது. ஒரே தூக்கு. சளார்!

குடமே காலி. இவ கை தட்டிச் சிரிச்சுக்கிட்டு சுவத்தைச் சுத்தி ஓடி வந்தா. வந்தவ அப்படியே நின்னுட்டா. தவமணி அந்த வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேன்ட்டும் போட்டுக்கிட்டு நிக்கிறான். வேலைக்குப் போடப் போற உடுப்பை சாமிகிட்ட காட்டி, விபூதி வாங்கிட்டு, யாரு கண்ணுலயும் படாம சந்து வழியா ஓடி வந்திருக்கான் பாவி மகன். தலையில இருந்து கால் வரைக்கும் மஞ்ச மஞ்சேர்னு சொட்டுது.

அவன் திட்டியிருந்தா அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அவனோ, "பரவாயில்ல மதினி, உங்களுக்குத் தெரியாதுல்ல"ன்னான். அதுலதான் அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு.

அழுதா ஆகுமா? உடனே உடுப்பை வாங்கிக்கிட்டுப் போயி, துவைக்கிற கல்லுல போட்டு சோப்பை எடுத்து பரபரபரன்னு தேய்ச்சா. அங்கதான் தப்புப் பண்ணுனா. மஞ்சள்ல சோப்புப் பட்டா என்னாகும்? செக்கச்செவேர்னு ஆயிரும்! பதட்டத்துல அவளுக்கு அது நெனப்பு வரல. தேய்க்கத் தேய்க்கச் செவக்குது. டப் டப்புன்னு அடிக்கிறா, இன்னும் செவக்குது.

ஒச்சம்மா வந்து பாத்துட்டு தலையில கை வச்சா. "அய்யய்யோ, ஆஸ்பத்திரிக்குப் போற பிள்ளை சட்டை இப்படி ரத்தமாவா செவக்கணும்? நல்லது நடக்குற நேரத்துல எம்பிள்ளைக்கு என்ன சகுனம்டி இது? நீ ஊத்துன தண்ணிதானே!"

"நான்தான் அத்தே. நானே சரி பண்ணித் தாரேன்"னா பஞ்சவர்ணம். வேற என்ன சொல்லுவா?

கையால அலசிப் பாத்தா. மேலாகப் போச்சு, மடிப்பும் தையலும் விட மாட்டேன்னுச்சு. கை ஓஞ்சு போச்சு. அப்புறம் மேலவீட்டு கோமதிகிட்ட ஓடுனா. கோமதி வீட்டுல புது மெஷினு. முன்னாடி கண்ணாடிக் கதவு வச்சது. அதைக் குறை சொல்லக் கூடாது, அன்றாட வேர்வை அழுக்குக்கு அது போதும். ஆனா அது கஞ்சப்பய மெஷினு. துணியை எடை போட்டுப் பாத்து, "உனக்கு இம்புட்டுத் தண்ணி போதும்"னு அளந்து விடும். பொத்துன்னு துணியைத் தூக்கிப் போடுது, பொத்துன்னு தூக்கிப் போடுது. அடியில கொஞ்சூண்டு தண்ணி. அந்தச் செவப்புத் தண்ணியிலேயே துணி பொரண்டு பொரண்டு எந்திரிக்குது. "கோமதி, தொறடி, நல்ல தண்ணி ஒரு வாளி ஊத்திக்கிறேன்"னு கெஞ்சுறா. "அது பூட்டிக்கிச்சுக்கா, முடியிற வரைக்கும் தொறக்காது"ங்கிறா கோமதி. கண்ணாடியில மூக்கை ஒட்ட வச்சுக்கிட்டு பஞ்சவர்ணம் காத்துக் கெடக்கா. வெளிய வெயிலு மேக்க சாயுது. அது டிங் டிங்னு பாட்டுப் பாடிக் கதவைத் திறந்தப்போ சட்டை திட்டுத் திட்டா, நோய் வந்த கன்னம் மாதிரி இருந்துச்சு.

தூங்கிட்டியா?

...ம்.

கேளு, இப்பத்தான் கோழி வருது.

கோமதி வீட்டு வாசல்ல நின்னு அவ யோசிச்சா. கையில தெம்பு இல்ல, புது மெஷினுல தண்ணி இல்ல. ரெண்டும் சேந்தாப்புல எதுல இருக்கு? நேரா மாட்டுக் கொட்டாய்க்கு நடந்தா. மூடியைத் திறந்தா, கோழி சிலுத்துக்கிட்டு கொர்ர்ர்ங்குது. கையை விட்டா, நறுக்குன்னு ஒரு கொத்து. மறுபடி விட்டா, மறுபடி நறுக்கு. மூணாந்தரம் சேலை முந்தானையைப் போட்டு மூடி, அலுங்காமத் தூக்கி, முட்டையோட ஒரு கூடையில இறக்கி வச்சா. "கோவிச்சுக்காத தாயி, நீயும் பிள்ளைக்காரி, நானும் பிள்ளைக்காரி"ன்னா.

அப்புறம் தவிட்டையெல்லாம் வழிச்சுக் கழுவுனா. தவமணியும் ஓடியாந்து குடம் குடமாத் தண்ணி கொண்டாந்தான். விளிம்பு வரைக்கும் ஊத்தி, உடுப்பைப் போட்டு, ஒயரை இழுத்துச் சொருகி, குமிழைக் கிர்ர்ருன்னு திருகுனா.

சத்தத்தையே காணோம். ஒச்சம்மா வாசல்ல நின்னு, "அது செத்து நாளாச்சு"ன்னா.

பஞ்சவர்ணம் பக்கவாட்டுல ஒரு தட்டுத் தட்டுனா. க்ளுக். கொடக்... கொடக்... அப்புறம் கடமுடா கடமுடா கடமுடா! மாடு மெரண்டு கயித்தை இழுக்குது, கோழி கூடைக்குள்ள கத்துது, பஞ்சவர்ணம் சிரிக்கிறா, அழுகுறா, எதுன்னு அவளுக்கே தெரியல. அந்தத் தூணு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி திரும்புது. சட்டை முங்குது, எந்திரிக்குது, கை ரெண்டையும் விரிச்சு நீந்துது. துணி நீந்தணும் கண்ணு. நீந்துனாத்தான் அழுக்கு அதை விட்டுப் போக இடம் கெடைக்கும். மொதத் தண்ணி செவப்பாப் போச்சு. ரெண்டாந் தண்ணி மஞ்சளாப் போச்சு. சோப்பு போகப் போகச் செவப்பு மறுபடி மஞ்சளாத் திரும்பிரும். மூணாந் தண்ணி எலுமிச்சம்பழத் தோலு நெறத்துல வெளுப்பாப் போச்சு.

கடைசியாப் பிழியிற நேரம் வந்துச்சு. உள்ள ரெண்டே துணி, ஒரு பக்கமா ஒதுங்கிக்கிச்சு. உய்ய்ய்ங்னு சுத்துனதுதான் தாமசம், மெஷினு தடதடதடன்னு ஆடிக்கிட்டு கொட்டாயை விட்டே நடக்க ஆரம்பிச்சிருச்சு! தவமணி ஒரு பக்கம் பிடிக்கிறான், பஞ்சவர்ணம் ஒரு பக்கம் கட்டிக்கிறா, நிக்க மாட்டேங்குது. அப்போ ஒச்சம்மா என்ன பண்ணுனா தெரியுமா? கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மூடி மேல தொப்புன்னு ஏறி உக்காந்துட்டா. பல்லு கிடுகிடுங்குது, காதுல பாம்படம் ரெண்டும் ஊஞ்சல் ஆடுது, ஆனா எறங்கல. "ஓ-ஓ-ஓடட்டும்டி, நா-நா-நான் இருக்கேன்!"

சிரிச்சது போதும். தூக்கம் கலைஞ்சிரும்.

எடுத்து உதறிப் பாத்தா, செவப்பு சுத்தமா இல்ல. லேசா ஒரு மஞ்ச சாயை மட்டும். அதைப் போக்க வெயிலு வேணும். வெயிலோ கிளம்பப் போகுது. பஞ்சவர்ணம் முத்தத்துல கயிறு கட்டிக் காயப் போட்டா. முத்தத்துல நிழலு வந்துச்சு, சுவத்து மேல விரிச்சா. சுவத்துக்கும் நிழலு ஏறுச்சு, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனா. மாடியிலயும் வெயிலு தரையை விட்டு மேல போச்சு. அப்போ ரெண்டு கையிலயும் சட்டையைப் பிடிச்சுத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, வெயிலு மலைக்குப் பின்னாடி போற வரைக்கும் நின்னா. கை கடுத்துச்சு. எறக்கவே இல்ல.

விடிஞ்சுது. தவமணி குளிச்சு, உடுப்பைப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். வெள்ளை வெளேர்னு கண்ணு கூசுது. ஒச்சம்மா விபூதி பூசுனா. பூசுறப்போ காலரைத் தூக்கிவிட்டவ, "ஏத்தா பஞ்சு, இங்க பாரு"ன்னா. காலருக்கு உள்பக்கம், நகத்தளவு மஞ்ச இன்னும் இருக்கு.

பஞ்சவர்ணத்துக்கு வேர்த்துப் போச்சு. "கழட்டுங்க தம்பி, ஒரு நிமிசம், அலசிக் குடுத்துர்றேன்"னு கையை நீட்டுனா.

ஒச்சம்மா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டா. முந்தின நாளு சட்டையைத் தூக்கி நின்ன கை, கோழி கொத்துன காயம் இன்னும் ஆறல.

"இருக்கட்டும்த்தா"ன்னா. "நல்ல நாள்ல மஞ்ச ஊத்த ஒரு மதினி இல்லாம எத்தனையோ பயலுக சுத்த வெள்ளையாத் திரியுறானுக. எம்பிள்ளைக்கு அந்தக் குறை இல்லேன்னு இது ஒண்ணு இருக்கட்டும்."

தவமணி குனிஞ்சு மதினி காலைத் தொட்டான். காலரை மடிச்சு விட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

ம் எங்க? ம் காணோமே. சரி சரி. கதையும் காஞ்சிருச்சு, மடிச்சு வச்சாச்சு. நீ தூங்கு தங்கம்.